தேர்வு முடிவும் பள்ளியின் பெயரும்: ஒரு வரலாற்று நோக்கு



கெலுகோர் சிறிய ஊராயினும் கல்வி வரலாற்றில் அதற்குத் தனியிடம் உண்டு. 1969ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இங்குள்ள மிண்டன் வளாகத்தில் இயங்குகின்றது. தென்கிழக்காசியக் கல்வி அமைச்சர்கள் அமைப்பின் அறிவியல், கணிதக் கல்வி வட்டார மையமாகிய ரெக்சாம், 1967 தொடங்கி இம்மண்ணில் பணியாற்றி வருகின்றது. சுப்பிரமணிய பாரதி தமிழ்ப்பள்ளியும் இவ்வூரிலேயே உள்ளது. பல்கலைக்கழகமும் ஆய்வு மையமும் தமிழ்ப்பள்ளியும் அருகருகே அமைந்த இவ்வூரில் நின்று, நம் சமுதாயத்தை ஆண்டுதோறும் மகிழ்வித்தும் வருத்தியும் வந்த ஒரு வினாவை ஆராய முற்படுகின்றோம்.

“இந்த ஆண்டு எத்தனை ஏழு ஏ?” என்பதே அவ்வினா.

யு.பி.எஸ்.ஆர். எனப்பட்ட ஆறாம் ஆண்டு மதிப்பீட்டுத் தேர்வின் முடிவுகள் வெளிவரும் நாளில், தலைமையாசிரியர் அறையிலும் பள்ளி வாயிலிலும் கோயில் மண்டபத்திலும் கேட்கப்பட்ட முதல் வினா அதுதான். விடையாக வந்த எண் சிறியதாயின் பள்ளியின் பெயர் தாழ்ந்தது; பெரியதாயின் பதாகை உயர்ந்தது. அந்த எண் உண்மையில் எதைச் சொல்லிற்று, எதைச் சொல்லாமல் விட்டது என்று நின்று கேட்டவர் மிகச் சிலரே. தேர்வு முடிவை வெளியிடுவது நன்றா தீதா என்ற வழக்கைக் காட்டிலும், வெளியிடப்படும் எண்ணை எவ்வாறு படிப்பது என்ற அறிவு நமக்கு இன்றியமையாதது. அவ்வறிவைத் தரவல்லது வரலாறு.

மதிப்பெண்ணுக்குக் கூலி

பள்ளியின் தரத்தைத் தேர்வு எண்ணால் அளக்கும் வழக்கம் நம் காலத்தில் தோன்றியதன்று. 1862ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இராபர்ட் லோ என்பாரின் முயற்சியால் திருத்திய கல்விவிதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி, தேர்வெழுதும் ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளிக்கு 8 ஷில்லிங் மானியம் கிடைக்கும். வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் ஆகிய மூன்றனுள் ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறைக்கப்படும். பலனுக்கேற்ற ஊதியம் என்று அம்முறையைக் குறிப்பிட்டனர்.

விளைவு யாது? கவிஞரும் பள்ளி ஆய்வாளருமாகிய மேத்யூ ஆர்னல்டு அம்முறையைத் தொடர்ந்து எதிர்த்து வந்தார். சூழ்ச்சியான பயிற்சியினால், உண்மையில் வாசிக்கவோ எழுதவோ கணக்கிடவோ அறியாத பிள்ளைகளையும் அத்தேர்வில் தேறச் செய்துவிட முடிகின்றது என்று அவர் தம் அறிக்கையில் எச்சரித்தார். ஒரே வாசிப்பு நூலை ஆண்டு முழுதும் உருப்போட்ட குழந்தை, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மனப்பாடமாக ஒப்புவித்தாலும் கணக்கில் அது வாசித்த குழந்தையே. மானியம் கிடைத்தது; வாசிப்பு ஏறவில்லை. 1890களில் இங்கிலாந்து அம்முறையைப் படிப்படியாகக் கைவிட்டது.

அதற்குள் அம்முறை கடல் கடந்திருந்தது. சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும், பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களிலும், உதவி பெறும் பள்ளிகளின் மானியம் தேர்வுப் பலனோடு பிணைக்கப்பட்டது. ஆகவே, எண்ணால் பெயர் பெறுவதும் எண்ணால் பொருள் பெறுவதும் தமிழர் வாழ்ந்த நாடுகளில் நூற்றைம்பது ஆண்டுப் பழைமை உடையன.

மதிப்பீடு வாயிற்கதவு ஆன வரலாறு

இந்நாட்டில் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கருதப்படுவது, 1816 அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு ஃபிரீ பள்ளியில் பாதிரியார் ஹட்சிங்ஸ் தொடங்கிய தமிழ் வகுப்பாகும். அவ்வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னர்த் தோட்டங்களிலும் நகரங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் தோன்றிப் பரவின. அவற்றிற் பயின்ற பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் வழி குறுகியதாகவே நெடுங்காலம் இருந்தது.

விடுதலைக்குப் பின் தொடக்கப்பள்ளியின் இறுதியில் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு ஒன்று நடந்து வந்தது. அதில் தவறியவர்க்குப் பொது இடைநிலைக் கல்வி இல்லை. 1964ஆம் ஆண்டோடு அத்தேர்வு நீக்கப்பட்டது; மூன்றாம் படிவம்வரை அனைவரும் பயிலும் நிலை ஏற்பட்டது. 1967இல் ஐந்தாம் வகுப்பு மதிப்பீட்டுத் தேர்வு வந்தது. 1983இல் நாடு முழுவதும் நடைமுறை கண்ட புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தின் முதல் மாணவர் அணி ஆறாம் ஆண்டை எய்தியபோது, 1988இல், அதன் இடத்தை யு.பி.எஸ்.ஆர். பெற்றது.

இங்கே பெயரை ஊன்றி நோக்குதல் வேண்டும். 1967இன் தேர்வும் 1988இன் தேர்வும் ‘மதிப்பீடு’ என்றே பெயர் பெற்றன. தேறினோரை ஏற்றுத் தவறினோரைத் தள்ளும் பழைய கதவு அகன்றபின், பிள்ளை எதனைக் கற்றுள்ளது, எதனைக் கற்கவில்லை என்று அறிவதே அவற்றின் நோக்கமாகக் கூறப்பட்டது. எனினும் தமிழ்ப்பள்ளி மாணவருக்கு ஒரு சிறுகதவு எஞ்சியே நின்றது. மலாய்மொழியில் வேண்டிய அடைவு பெறாதவர் முதற்படிவத்திற்குமுன் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழிக்க நேர்ந்தது. பன்னிரண்டு அகவைப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது சிறு காலமன்று. இத்தகைய கதவு அமைந்த இடத்தில் தேர்வைப் பெற்றோர் வெறும் மதிப்பீடாகக் கருதியிருக்க இயலுமா?

எனவே ஒரே எண் இரண்டு பணிகளைச் சுமந்தது: பிள்ளையின் கற்றலை அறிவித்தல், பிள்ளையின் வழியை முடிவுசெய்தல். அடுத்து மூன்றாவது பணியொன்றும் அதன் தலைமேல் ஏற்றப்பட்டது.

பள்ளிகள் தரவரிசைக்கு வந்த காலம்

2010ஆம் ஆண்டில் அரசின் உருமாற்றத் திட்டத்தின்கீழ்க் கல்வியும் முதன்மை அடைவுத்துறைகளுள் ஒன்றாயிற்று. அவ்வாண்டு சனவரியில் முதல் இருபது உயர்தரப் பள்ளிகள் அறிவிக்கப்பட்டன. நாட்டின் தொடக்கப்பள்ளிகளும் இடைநிலைப்பள்ளிகளும் ஒன்றாம் பிரிவு தொடங்கி ஏழாம் பிரிவுவரை வகைப்படுத்தப்பட்டன. அடைவு காட்டிய தலைமையாசிரியர்க்குப் பரிசும், பின்தங்கிய பள்ளிக்குத் துணையும் திட்டத்தின் பகுதிகளாயின. தொடக்கப்பள்ளியை வகைப்படுத்தியதில் யு.பி.எஸ்.ஆர். முடிவிலிருந்து கணக்கிடப்பெற்ற பள்ளிச் சராசரித் தரம் பெரும்பங்கு வகித்தது.

அச்சராசரியின் இயல்பைச் சிறு கணக்கால் விளக்கலாம். ‘ஏ’ பெற்றால் 1, ‘பி’ பெற்றால் 2, இவ்வாறே ‘இ’ பெற்றால் 5 எனக் கொண்டு கூட்டி, மாணவர் தொகையால் வகுப்பர். விடை சிறியதாயின் பள்ளி சிறந்தது. பத்து மாணவர் பயிலும் இரு பள்ளிகளை எண்ணிப் பாருங்கள். முதற்பள்ளியில் ஐவர் ‘ஏ’, ஐவர் ‘இ’. இரண்டாம் பள்ளியில் பதின்மரும் ‘சி’. இரண்டிற்கும் கூட்டுத்தொகை 30, சராசரி 3.00. ஏட்டில் இவை இரட்டைப் பிறவிகள். வகுப்பறையிலோ முதற்பள்ளியில் பாதிப் பிள்ளைகள் கைவிடப்பட்டுள்ளனர். இரண்டாம் பள்ளியில் எவரும் கைவிடப்படவில்லை, எவரும் உச்சியைத் தொடவும் இல்லை. இவ்விரு பள்ளிகளுக்கும் தேவைப்படும் மருந்து வேறு வேறு. சராசரி என்ற ஒற்றை எண் அவ்வேறுபாட்டை விழுங்கிவிடுகின்றது.

‘எத்தனை ஏழு ஏ’ என்ற எண்ணிக்கை இதனினும் குறுகியது. அது முதற்பள்ளியின் ஐவரையேனும் முழுமையாகக் காட்டுமா எனின், அதுவும் இல்லை. ஆறு ‘ஏ’யும் ஒரு ‘பி’யும் பெற்ற பிள்ளை அக்கணக்கிற்குள் வருவதில்லை. ‘இ’யிலிருந்து ‘சி’க்கு ஏறிய பிள்ளையும் வருவதில்லை. பின்னவரை ஏற்றிவிட்ட ஆசிரியரின் உழைப்போ எந்தப் பதாகையிலும் இடம்பெறுவதில்லை. எந்த எண்ணுக்குப் பாராட்டு கிடைக்கின்றதோ அந்த எண்ணை நோக்கியே நேரமும் கூடுதல் வகுப்பும் பயிற்சித் தாளும் பாயும் என்பது உலகியல்பு. அளவையாக வைத்ததையே இலக்காக்கினால் அளவை கெடும் என்று அமெரிக்கச் சமூக அறிவியலார் டானல்ட் கேம்பல் 1970களில் எழுதினார். ஆர்னல்டு கண்டதும் அதுவே.

சிறுபள்ளிகளின் நிலை தனியே கருதத்தக்கது. நாட்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பினாங்கு மாநிலத்தில் மட்டும் 28. அவற்றுள் குறைந்த மாணவர் பயில்வன பல. ஆறாம் ஆண்டில் எண்மர் மட்டுமே உள்ள பள்ளியில் இருவர் முழுத் தேர்ச்சி பெற்றால் அது 25 விழுக்காடு. மறு ஆண்டு ஒருவரே பெற்றால் 12.5 விழுக்காடு. “பாதியாகச் சரிந்தது” என்று சொல்வதற்கு இவ்வெண்கள் இடந்தரும். நடந்ததோ, தேர்வு நாளன்று ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதாக இருக்கலாம். நூற்றிருபது பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் மேல்கீழாக அடுக்கிப் பார்ப்பது முறையாகாது. அப்பட்டியலை நம்பிப் பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளியிற் சேர்ப்பாராயின், சிறுபள்ளி மேலும் சிறுக்கும். அடுத்த ஆண்டின் எண் மேலும் தடுமாறும்.

2016: வீழாத வீழ்ச்சி

2016ஆம் ஆண்டு தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டு. விழாக்கள் நிகழ்ந்த அவ்வாண்டின் நவம்பரில் வந்த தேர்வு முடிவு நாட்டையே திடுக்கிட வைத்தது. அனைத்துப் பாடங்களிலும் ‘ஏ’ பெற்றோர் 2015இல் 38,344 பேர். 2016இல் 4,896 பேர், அதாவது 1.11 விழுக்காட்டினர்.

ஓராண்டில் பிள்ளைகளின் அறிவு எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிற்றா? அன்று. 2011இல் தொடங்கிய புதிய கலைத்திட்டத்தின் முதல் அணியினர் அவ்வாண்டு தேர்வெழுதினர். உயர்நிலைச் சிந்தனை வினாக்கள் பெருகின. ஆங்கிலம் கருத்துணர்தல், எழுத்து என இரு தாள்களாயிற்று. தமிழ்ப்பள்ளி மாணவரின் ஏழு ‘ஏ’ எட்டு ‘ஏ’ ஆயிற்று. தாள் ஒன்று கூடும்போது அனைத்திலும் உச்சம் தொடுவோர் தொகை குறைவது இயற்கை. முழக்கோலை மாற்றிவிட்டுத் துணி சுருங்கியதென்று கூறுவது போன்றதே அவ்வாண்டு எழுந்த கூக்குரலிற் பெரும்பகுதி.

ஆயினும் ஒரு பதினோராண்டு, பன்னிரண்டாண்டுப் பிள்ளையிடம் கோல் மாறியதை யார் விளக்கினர்? அண்ணன் ஏழு ‘ஏ’ வாங்கிய வீட்டில் தங்கை இரண்டு ‘ஏ’யோடு வந்து நின்றபோது, இரு தாள்களையும் அருகருகே வைத்துப் பேசியிருக்க வேண்டியவர் ஆசிரியர். முடிவை அறிவிக்கும் கடமை விளக்கும் கடமையோடு சேர்ந்தது என்பதை 2016 நமக்குக் கற்பித்தது.

உயராத உயர்வு

வீழாத வீழ்ச்சி உண்டெனில் உயராத உயர்வும் உண்டு. 2000ஐ அடுத்த ஆண்டுகளில் தேசியத் தேர்வுகளில் முன்னேற்றம் பதிவாகி வந்தது. அதே காலத்தில், இரண்டாம் படிவ மாணவரைச் சோதிக்கும் திம்ஸ் என்னும் பன்னாட்டு ஆய்வில் மலேசியாவின் கணிதப் புள்ளி 1999இல் 519ஆக இருந்து, 2003இல் 508, 2007இல் 474, 2011இல் 440 எனத் தொடர்ந்து இறங்கியது. உள்நாட்டுக் கோலும் வெளிநாட்டுக் கோலும் எதிரெதிர்த் திசை காட்டின. 2013 முதல் 2025 வரைக்குமான கல்வி மேம்பாட்டுப் பெருந்திட்டம் இம்முரண்பாட்டை வெளிப்படையாக எடுத்துரைத்தது பாராட்டத்தக்கது.

வெளிநாட்டுக் கோலையும் கண்மூடி நம்புதல் ஆகாது. பதினைந்து அகவையினரைச் சோதிக்கும் பிசா ஆய்வில் மலேசியாவின் கணிதப் புள்ளி 2012இல் 421; 2015இல் 446. இவ்வுயர்வைக் கொண்டாடலாமா? 2015இல் தெரிவுசெய்யப்பெற்ற பள்ளிகளின் பங்கேற்பு விகிதம் 51 விழுக்காடாகவே அமைந்தது. வேண்டிய அளவோ 85. ஆதலின் ஆய்வை நடத்திய அமைப்பு மலேசியாவைப் பிற நாடுகளோடு வரிசைப்படுத்தவில்லை. எழுதியவரின் எண் கைக்கு வந்தது. எழுதாதவர் யார் என்பதே பொருளை மாற்றிவிட்டது. பின்வந்த ஆய்வுகளில் அப்புள்ளி 2018இல் 440, பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் 409. தேர்வுக்கு வராத பிள்ளையும், வரவேண்டாம் என்று கருதப்பட்ட பிள்ளையும் எண்ணிற்குள் இல்லை என்பதை ஒவ்வொரு பள்ளியும் தன்னளவில் நினைத்துப் பார்த்தல் தகும்.

மறைப்பதா, விளக்குவதா?

தரவரிசையின் தீமை கண்ட அண்டையோர் அதனைக் கைவிடத் தொடங்கினர். சிங்கப்பூர் 1992இல் தொடங்கிய பள்ளித் தரப்படுத்தலை 2012இல் முற்றிலும் நீக்கியது. அவ்வாண்டு முதல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் முதன்மை மாணவர் பெயரை வெளியிடுவதையும் நிறுத்தியது. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு முதல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் பெற்றோர் பட்டியல் வெளியிடப்படுவதில்லை. நம் நாட்டில் பெருந்தொற்றினால் 2020இல் யு.பி.எஸ்.ஆர். நடைபெறவில்லை, 2021 ஏப்ரல் 28ஆம் நாள் அது நிலையாக நீக்கப்பட்டது. மூன்றாம் படிவத் தேர்வு 2022இல் நீங்கியது.

நீக்கத்தை வரவேற்றோர் கூற்றில் பேருண்மை உண்டு. அதனை மேலே விரித்துரைத்தோம். எதிர்த்தோர் கூற்றையும் நேர்மையாகக் கேட்டல் வேண்டும். தமிழ்ப்பள்ளியிற் சேர்த்தால் பிள்ளை பின்தங்கும் என்ற ஏளனச் சொல்லுக்கு, ஏழு ‘ஏ’ பெற்ற பிள்ளைகள் எத்தனையோ ஆண்டுகள் விடையாக விளங்கினர். தனிவகுப்புக்குப் பணமில்லாத தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு, அரசு முத்திரை பதித்த அத்தாள் யாரும் மறுக்கவியலாத சான்றாயிற்று. பள்ளியின் குறையைக் கேட்கப் பெற்றோர்க்கு இருந்த ஒரே பொதுச்சான்றும் அதுவே. கண்ணாடி கோணலாகக் காட்டுகின்றதென்று அதனை உடைத்துவிட்டால் முகம் திருந்திவிடாது.

இப்போது வகுப்புசார் மதிப்பீடு நடைபெறுகின்றது. அடைவுநிலை 1 முதல் 6 வரை ஆசிரியரே பதிவுசெய்கின்றார். பிள்ளையை நாள்தோறும் காண்பவர் மதிப்பிடுவது ஒருநாள் தேர்வினும் சிறந்ததாக அமையக்கூடும். ஆனால் அதற்கும் பழைய நோய் தொற்றலாம். எவர் மனமும் நோகாதிருக்க அனைவர்க்கும் நான்கும் ஐந்தும் இடப்படுமாயின், வாசிக்கத் தெரியாத பிள்ளை மீண்டும் ஏட்டில் வாசித்த பிள்ளையாகிவிடும். 1862இல் மானியத்துக்காக நிகழ்ந்தது இன்று மரியாதைக்காக நிகழும். முன்னர்ப் பிள்ளையின் இடர்ப்பாட்டைப் பதாகை மறைத்தது. இனி அடைவுநிலை மறைத்துவிடுதல் கூடாது.

ஆகவே, எந்த வடிவில் முடிவு வந்தாலும் நான்கு வினாக்களை எழுப்பும் பழக்கம் நமக்கு வேண்டும். எண்ணப்பட்டவர் யார், விடுபட்டவர் யார்? சென்ற ஆண்டின் கோலும் இவ்வாண்டின் கோலும் ஒன்றா? எத்தனை பிள்ளைகளை வைத்து இம்முடிவு சொல்லப்படுகின்றது? இப்பிள்ளைகள் எந்நிலையில் தொடங்கி இந்நிலையை எய்தினர்? முதல் மூன்றற்கும் பள்ளி அலுவலகத்தின் ஏடுகளிலேயே விடை உண்டு. நான்காவதற்கு விடை வேண்டுமாயின், முதலாம் ஆண்டிலிருந்தே பிள்ளையின் வளர்ச்சியை ஆசிரியர் உண்மையாகக் குறித்துவர வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முழுத் தேர்ச்சியாளர் பெயரை வாசிக்கும் அதே மேடையில், ஒவ்வோர் அடைவுநிலையிலும் எத்தனை பிள்ளைகள் உள்ளனர், கீழ்நிலையிலிருந்து மேலேறியோர் எத்தனை பேர், இன்னும் துணை வேண்டுவோர் எத்தனை பேர் என்று பெயர் சுட்டாமல் அறிவிக்கலாம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. உண்மை பேசும் துணிவு மட்டுமே தேவை.

மாணவமணிகளுக்கு ஒரு சொல். உங்கள் தாளில் உள்ள எழுத்து, ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட கோல்கொண்டு அளந்த அளவு. அதனைப் புறக்கணியாதீர், அடுத்து எதனைக் கற்க வேண்டுமென்று அது காட்டும். அதனையே உங்கள் பெயராக்கிக் கொள்ளவும் வேண்டா.

1816இல் பினாங்கில் அந்த முதல் தமிழ் வகுப்பில் அமர்ந்த பிள்ளைகள் எந்தத் தரவரிசையிலும் இடம்பெற்றவர் அல்லர். அவர்கள் பெற்ற மதிப்பெண்ணை அறிந்து நாம் அவ்வகுப்பைப் போற்றவில்லை. அங்கே தமிழ்ப்பிள்ளைகள் தம் மொழியில் எழுத்தறிந்தனர் என்பதற்காகவே போற்றுகின்றோம். இனி முடிவு வெளிவரும் நாளில் “எத்தனை ஏ?” என்று கேட்குமுன், “எல்லாப் பிள்ளைகளும் வாசிக்கின்றனரா?” என்று கெலுகோரிலும் பிற ஊர்களிலும் நாம் கேட்கத் தொடங்குவோமாக.